ஓவல் பந்தயத்தை நேரில் பார்ப்பது எப்படி: ஊரைத் தேர்வதிலிருந்து வீடு திரும்பும் வரை

2015 ஜூன் 27 அன்று கலிஃபோர்னியாவின் ஃபான்டானா ஓவலில், அதாவது நீள்வட்ட வடிவக் கார்ப் பந்தயத் தளத்தில், 500 மைல் பந்தயம் ஒன்று நடந்தது. அதில் முதலிடம் 80 முறை கைமாறியது. இண்டி கார் பந்தயங்களில் அதற்குமுன் எவரும் கண்டிராத எண்ணிக்கை அது. நான்கைந்து கார்கள் பக்கம்பக்கமாக ஒரே நேரத்தில் வளைவுக்குள் பாய்ந்தன. கிரஹாம் ரேஹால் வென்றார். அத்தனையையும் நேரில் பார்த்தவர்களோ, அந்தப் பெரிய ஸ்டாண்டில் கோடை வெயிலுக்கு நடுவே அங்கொருவர் இங்கொருவராக உட்கார்ந்திருந்த சொற்பக் கூட்டம்தான். அதன்பிறகு இண்டி கார்கள் அங்கே திரும்பி வரவேயில்லை. 2023-ல் அந்தத் தளமே மூடப்பட்டது.

இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்த மாலைதான். பந்தயம் நன்றாக இருந்தால் கூட்டம் தானாக வரும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஓவலில் கூட்டம் சேர்வதற்கும் கலைவதற்கும் வேறு காரணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு போனால் நல்ல இருக்கை கிடைக்கும், நல்ல நாள் கிடைக்கும். பந்தயமும் கண்ணுக்குப் புரியும். இண்டியானாபோலிஸ், செயின்ட் லூயிஸ், மில்வாக்கி, சிகாகோ போன்ற ஊர்களில் வேலைக்காகக் குடியிருக்கும் தமிழர்கள் பலர் ஒரு கார் பயணத் தொலைவில் ஓவல் இருந்தும் போனதில்லை. இதைப் படிப்பவர்களில் சிலராவது அடுத்த கோடையில் அந்த அலுமினிய பெஞ்சுகளில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

படி 1: எந்த ஓவல் என்று முடிவு செய்யுங்கள்

சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைக் கார்களை, அதாவது ஓப்பன் வீல் கார்களை, ஓவல் தளத்தில் மிக வேகமாக ஓட்டும் தொடர் இண்டிகார். ஓவல் என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றின் நீளம் மாறினால் பார்க்கும் அனுபவமே மாறிவிடுகிறது.

இண்டியானாபோலிஸ் 2.5 மைல், அதாவது 4 கிலோமீட்டர். 1909-ல் திறக்கப்பட்டது. முதல் 500 மைல் பந்தயம் 1911-ல் நடந்தது, ரே ஹாரூன் வென்றார். நான்கு வளைவுகளும் சாய்வு குறைந்தவை, 9 டிகிரியைச் சற்றே தாண்டும். இரண்டரை லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் நிரந்தர இருக்கைகள். எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் தளம் முழுவதும் தெரியாது. கார் உங்களைக் கடந்து போனால் திரும்பி வர சுமார் 40 நொடி ஆகும். அந்த இடைவெளியில் திரையைத்தான் பார்ப்பீர்கள்.

மில்வாக்கி மைல் ஒரு மைல் நீளம். 1903 முதல் கார்கள் பந்தயம் ஓடும் இடம் அது. 2015-க்குப் பிறகு இண்டிகார் இல்லாமல் கிடந்து, 2024-ல் மீண்டது. செயின்ட் லூயிஸுக்கு எதிரே, மிசிசிப்பி ஆற்றின் இல்லினாய்ஸ் கரையில் இருக்கும் கேட்வே ஒன்றேகால் மைல். முட்டை வடிவம் என்பதால் இரு முனைகளும் ஒன்றுபோல் இல்லை. ஒரு முனை இறுக்கமானது, மறுமுனை விரிந்தது. நாஷ்வில்லுக்கு வெளியே லெபனானில் உள்ள ஓவல் 1.33 மைல், கான்கிரீட் தளம். இண்டிகார் 2024-ல் அங்கே திரும்பியது. ஃபீனிக்ஸ் ஒரு மைல். 2018-ல் விடைபெற்றது, 2026 அட்டவணையில் நாஸ்கார் என்ற மற்றொரு அமெரிக்கக் கார்ப் பந்தயத் தொடரின் வார இறுதியோடு சேர்ந்து திரும்ப இடம்பிடித்தது.

முதல் முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை கேட்வே அல்லது மில்வாக்கி. எல்லோரும் இண்டி 500-ஐ, அதாவது இண்டியானாபோலிஸின் அந்த 500 மைல் பந்தயத்தைத்தான் சொல்வார்கள். அதன் பிரம்மாண்டத்துக்கு ஈடு இல்லைதான். ஆனால் ஓவல் பந்தயம் என்றால் என்ன என்று கண்ணால் கற்றுக்கொள்ள குட்டித் தளமே நல்ல பள்ளி. ஒரே பார்வையில் முழுத் தளமும் தெரியும், முன்னணிக் கார் கடைசிக் காரை விரட்டிப் பிடிப்பது தெரியும், டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் கார்கள் ஒதுங்கும் பிட் லேனும் தெரியும். அரை நிமிடத்துக்குள் கார் மீண்டும் உங்கள் முன்னால் வந்துவிடும். மில்வாக்கியில் கற்றுக்கொண்டு இண்டிக்குப் போகிறவருக்கு அங்கே இரு மடங்கு புரியும்.

படி 2: அந்த ஓவலின் கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிக்கெட் வாங்குவதற்குக் கூட்டத்தின் வரலாறு எதற்கு என்று கேட்கலாம். எப்போது வாங்குவது, எங்கே உட்காருவது, அடுத்த ஆண்டு அந்தப் பந்தயம் இருக்குமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

1996-ல் தொடங்குங்கள். அந்த ஆண்டு இண்டியானாபோலிஸ் தளத்தின் தலைவர் டோனி ஜார்ஜ் தலைமையில் இண்டி ரேசிங் லீக் பிரிந்து வந்தது. இண்டி 500-ன் 33 இடங்களில் 25 இடங்கள் புதிய லீக்கில் ஓடுபவர்களுக்கு என்று விதி வைத்தார்கள். பழைய அமைப்பான கார்ட் அணிகள் அதே நாளில், மே 26 அன்று, மிச்சிகனில் தனிப் பந்தயம் நடத்தின. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பலர் இரண்டையும் விட்டுவிட்டு நாஸ்கார் பக்கம் போனார்கள். 2008-ல் இரு தரப்பும் ஒன்றுசேர்ந்தபோது, ஒவ்வொரு கோடையிலும் குடும்பத்தோடு அருகிலுள்ள ஓவலுக்குப் போகும் பழக்கம் பல ஊர்களில் அறுந்துபோயிருந்தது. கோயில் திருவிழா பன்னிரண்டு ஆண்டுகள் நின்றுபோனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தேர் இருக்கும், வடம் பிடிக்கப் பழகிய கைகள் இருக்காது.

பிரிவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு ஓவலாக அட்டவணையிலிருந்து விழுந்தது. மிச்சிகன் 2007-ல் முடிந்தது. போகோனோ 2013-ல் திரும்பி 2019-ல் மறைந்தது. 1997 முதல் ஆண்டு தவறாமல் நடந்துவந்த டெக்சாஸ் 2023-ஐத் தாண்டவில்லை.

இவற்றில் அயோவாவின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நியூட்டன் என்ற சிற்றூருக்கு அருகே, சோளக் காடுகளுக்கு நடுவே, 2006-ல் திறக்கப்பட்ட ஒரு மைலுக்கும் குறைந்த தளம். சுற்று நேரம் 18 நொடிதான். 2022-ல் ஹைவீ என்ற மளிகைக் கடை நிறுவனம் ஆதரவு கொடுக்க முன்வந்து, ஒரே வார இறுதியில் இரண்டு பந்தயம், அவற்றுக்கு முன்னும் பின்னும் பெரிய பாடகர்களின் கச்சேரி என்று ஏற்பாடு செய்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் எட் ஷீரன், போஸ்ட் மலோன் போன்றவர்கள் வந்து பாடினார்கள். டிக்கெட் விலை ஏறியது, ஆனால் ஸ்டாண்டில் ஆள் இருந்தது. 2024-ல் வளைவுகளில் மட்டும் புதிய தார் போடப்பட்டு, முந்துவது கடினமானது. 2025-ல் ஹைவீ விலகியது, கச்சேரிகளும் இல்லை. வெறும் பெஞ்சுகள் பளபளத்தன. 2026 அட்டவணையில் அயோவாவே இல்லை.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. கச்சேரிக்கு வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களில் சிலர் நிச்சயம் பந்தயத்தையும் விரும்பியிருப்பார்கள். ஆனால் மூன்று ஆண்டுகளில் பந்தயத்துக்கென்றே வரும் உள்ளூர்க் கூட்டம் வளரவில்லை. இதற்கு நேர்மாறான உதாரணம் கேட்வே. 2010-ல் மூடிப்போன அந்தத் தளத்தை கர்ட்டிஸ் ஃபிராங்க்வா என்ற உள்ளூர்க்காரர் மீட்டெடுத்து, 2017-ல் இண்டிகாரைத் திரும்ப வரவழைத்தார். சொந்த ஊர்த் தளம் என்று கருதி ஆண்டு முழுவதும் டிக்கெட் விற்க அலையும் ஒருவர் இருந்தால் ஓவல் பிழைக்கிறது. ஒரு ஓவலை எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அடுத்ததாகப் பார்ப்பது தேதி. ஆண்டுதோறும் ஒரே வார இறுதியில் நடக்கிறதா, இங்குமங்கும் தள்ளப்படுகிறதா? தேதி மாறிக்கொண்டே இருந்தால் ஊர்க்காரர்களின் நாட்காட்டியில் அந்தப் பந்தயம் பதிவதில்லை.

கூட்ட எண்ணிக்கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இண்டியானாபோலிஸ் நிர்வாகம் பார்வையாளர் எண்ணிக்கையை வழக்கமாக அதிகாரபூர்வமாக வெளியிடுவதில்லை. மற்ற ஓவல்கள் பலவும் அப்படித்தான். நீங்கள் படிக்கும் எண்கள் பெரும்பாலும் யாரோ கண்ணால் அளந்தவை. தொலைக்காட்சியை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள். இரண்டரை லட்சம் இருக்கை உள்ள இடத்தில் எழுபதாயிரம் பேர் உட்கார்ந்தால் பாழடைந்தது போலத் தெரியும். சிறிய ஸ்டாண்டில் இருபதாயிரம் பேர் உட்கார்ந்தால் திருவிழா போலத் தெரியும். நேரில் எண்ண வேண்டுமென்றால் ஒரு பகுதியில் ஒரு வரிசைக்கு எத்தனை பேர், எத்தனை வரிசை என்று பெருக்கி, அதுபோன்ற பகுதிகளை எண்ணிப் பாருங்கள். உட்புறப் புல்வெளியில் இருப்பவர்களைத் தனியே கணக்கிடுங்கள். பந்தயம் தொடங்கி இருபது சுற்று ஆன பிறகு எண்ணுவதுதான் சரி. அதற்குமுன் பாதிப் பேர் உணவு வரிசையில் நிற்பார்கள்.

இண்டியில் நம்பத்தகுந்த அடையாளம் ஒன்று இருக்கிறது. ஸ்டாண்ட் டிக்கெட் தீராவிட்டால், இண்டியானாபோலிஸ் நகரத்துக்குள் மட்டும் பந்தயத்தை நேரலையாகத் தொலைக்காட்சியில் காட்டாமல் தாமதப்படுத்துவார்கள். உள்ளூர்க்காரர்கள் டிக்கெட் வாங்க வேண்டும் என்பதற்காகப் பல பத்தாண்டுகளாக இருக்கும் வழக்கம் இது. 2016-ல் நடந்த 100-வது பந்தயத்துக்கு டிக்கெட் முழுவதும் தீர்ந்து, தடை நீங்கியது. 2025-ல் ஸ்டாண்டுகள் மீண்டும் விற்றுத் தீர்ந்தன, உட்புறத்தையும் சேர்த்து சுமார் மூன்றரை லட்சம் பேர் என்றார்கள். அலெக்ஸ் பலோவ் அன்று தன் முதல் ஓவல் வெற்றியைப் பெற்றார். இடையே 2020-ல் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போய், ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் அதே பந்தயம் நடந்தது. மறுஆண்டு 1,35,000 பேருக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். தொற்றுக் காலம் தொடங்கிய பிறகு உலகில் ஒரு விளையாட்டுக்குக் கூடிய மிகப்பெரிய கூட்டம் அதுதான் என்று அப்போது சொன்னார்கள்.

படி 3: உயரத்தில் உட்காருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

சினிமா, நாடகம், கிரிக்கெட் எதுவானாலும் முன்வரிசைக்கு மதிப்பு அதிகம் என்று நமக்கு மனதில் பதிந்திருக்கிறது. நானும் அதே நினைப்பில் முதல் முறை கீழ்வரிசையில் வாங்கினேன். பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் பச்சைக் கொடி விழுந்தது. இடப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. கம்பி வேலிக்கு அப்பால் வண்ணக் கோடுகள் சில கிழித்துக்கொண்டு போயின. எது யாருடைய கார் என்று ஒன்றும் புரியவில்லை. ரப்பர் கருகிய வாடையோடு காற்று முகத்தில் அடித்தது. மடியில் விரித்திருந்த நிகழ்ச்சிநிரல் தாளின் மேல் மிளகு அளவில் கறுப்புத் துகள்கள் உதிர்ந்து கிடந்தன. டயரிலிருந்து உரிந்த ரப்பர் அது. பத்து சுற்று வரை மெய்சிலிர்த்தது. பதினோராவது சுற்றில் யார் முதலில் போகிறார் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

காரணம் வேலிதான். நேர் எதிரே பார்த்தால் கம்பிகளுக்கு நடுவே தளம் தெரியும். ஆனால் ஓவலில் நீங்கள் பார்க்க வேண்டியது பக்கவாட்டில், வளைவை நோக்கி. அந்தக் கோணத்தில் கம்பியும் தூணும் ஒன்றோடொன்று சேர்ந்து சுவர்போல் மறைக்கும். மேல்வரிசைக்குப் போனால் வேலியின் தலைக்கு மேலாகப் பார்ப்பீர்கள். கார்களுக்கு இடையே உள்ள தூரம் தெரியும், ஒருவர் உட்பக்கம் இறங்குவதற்கு முன்பே அவர் இறங்கப்போகிறார் என்பதும் தெரியும்.

பாதுகாப்பும் ஒரு காரணம். 1998-ல் மிச்சிகனிலும் 1999-ல் ஷார்லட்டிலும் விபத்தில் சிக்கிய கார்களின் சிதறல்கள் ஸ்டாண்டுக்குள் விழுந்து, இரு இடங்களிலும் மும்மூன்று பார்வையாளர்கள் உயிரிழந்தார்கள். அதன்பின் சக்கரங்களை உறுதியான கயிறுகளால் காரோடு பிணைக்கும் முறை வந்தது, வேலிகளும் மாறின. 2023 இண்டி 500-ல் கைல் கிர்க்வுட்டின் காரிலிருந்து பிய்ந்த ஒரு சக்கரம் வேலியைத் தாண்டிப் பறந்து, நிறுத்துமிடத்தில் இருந்த ஒரு கார் மேல் விழுந்தது. நல்லவேளையாக ஒருவருக்கும் பெரிய காயமில்லை. பயந்து வீட்டில் இருக்கச் சொல்லவில்லை, நானும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் குழந்தைகளோடு போகிறவர்கள் வேலியை ஒட்டிய வரிசைகளைத் தவிர்ப்பது நல்லது.

எந்தப் பக்கம் உட்காருவது? இண்டியில் என் தேர்வு முதல் வளைவு, இல்லாவிட்டால் நான்காம் வளைவின் வெளியேற்றம். நேர்ப்பாதையின் முடிவில் கார்கள் ஒன்றன் காற்று நிழலில் ஒன்று ஒட்டிவந்து, முதல் வளைவுக்குள் நுழையும்போதுதான் முந்துவார்கள். பிட் லேனுக்கு எதிரே உள்ள இருக்கைகள் விலை அதிகம். டயர் மாற்றும் வேலையைப் பார்க்க விரும்பினால் அது பொருந்தும். மேல்மாடி உள்ள ஸ்டாண்டுகளில் கீழ்த்தளத்தின் பின்வரிசைகளுக்கு நிழல் கிடைக்கும், ஆனால் தூண் மறைக்கலாம். பல ஸ்டாண்டுகளில் வரிசைகளுக்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஏ, பி, சி என்று தொடங்குவது தரையோடு ஒட்டியது, அகரவரிசையில் பின்னால் போகப்போக உயரம். சிறு ஓவல்களில் நேர்ப்பாதையின் நடுவே, கிடைக்கும் மிக உயரமான வரிசையை யோசிக்காமல் வாங்கிவிடலாம்.

படி 4: டிக்கெட்

சிறு ஓவல்களுக்கு அவசரமில்லை, சில வாரம் முன்பு வாங்கினாலும் நல்ல இடம் கிடைக்கும். ஆனாலும் முன்கூட்டியே வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்பாட்டாளர் அடுத்த ஆண்டுக்குக் கையெழுத்திடலாமா என்று யோசிப்பது முன்பதிவைப் பார்த்துத்தான்.

இண்டி 500 வேறு உலகம். ஒரு பந்தயம் முடிந்ததுமே அடுத்த ஆண்டுக்கான புதுப்பிப்பு தொடங்கிவிடும். தாத்தா வாங்கிய அதே இருக்கையில் பேரன் உட்காரும் குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்கள் விட்டது போகத்தான் புதியவர்களுக்கு. ஆகவே முதல் ஆண்டு சுமாரான இடம்தான் அமையும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். வாங்கியவர் என்ற தகுதியில் அடுத்த ஆண்டு மேலான இடத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. பந்தயத்துக்கு முந்தைய பயிற்சி நாட்களிலும், யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று முடிவாகும் தகுதிச் சுற்று வார இறுதியிலும் நுழைவுக் கட்டணம் குறைவு, பெரும்பாலான ஸ்டாண்டுகளில் விரும்பிய இடத்தில் உட்காரலாம். அன்று போய் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஏறி இறங்கிப் பாருங்கள். எந்த வரிசையிலிருந்து வேலி மறைகிறது, எங்கே தூண் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தகுதிச் சுற்றே தனி விருந்துதான். ஒரே ஒரு கார், நான்கு சுற்று, முழு வேகம். 2024-ல் ஸ்காட் மெக்லாக்லின் சராசரியாக மணிக்கு 234.220 மைல் வேகத்தில், அதாவது 377 கிலோமீட்டரில், முதலிடம் பிடித்தார். ஒரு கிரிக்கெட் மைதானத்தின் குறுக்களவை ஒன்றரை நொடியில் கடக்கும் வேகம் அது.

படி 5: மழைக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள்

ஈரத் தளத்தில் இண்டிகார்கள் ஓவலில் ஓடுவதில்லை. நகர வீதிப் பந்தயங்களில் மழை டயர் மாட்டி ஓடுவார்கள், ஓவலில் அது கிடையாது. தூறல் விழுந்தால் நிற்கும், தளம் காயும்வரை காத்திருக்க வேண்டும். 2024 இண்டி 500 சுமார் நான்கு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது, ஜோசஃப் நியூகார்டன் மாலை வெளிச்சத்தில் வென்றார். இண்டியில் விளக்குகள் இல்லாததால் இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். 1997-ல் மழையால் பந்தயம் செவ்வாய்க்கிழமை வரை இழுத்தது. பாதிச் சுற்றுகளைத் தாண்டிவிட்டால் அத்தோடு முடிவை அறிவிக்கலாம் என்பது விதி. 2007-ல் 166 சுற்றோடு முடித்தார்கள், 1976-ல் 102 சுற்றோடு.

மழைக்காகப் பணம் திரும்பத் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், அதே டிக்கெட் மறுநாளுக்குச் செல்லும். ஆகவே திங்கட்கிழமை விமானத்தைக் காலையில் போடாமல் இரவில் போடுங்கள். இண்டி 500 மே மாதக் கடைசி வாரத்தில் மெமோரியல் டே விடுமுறைக்கு முந்தைய ஞாயிறு என்பதால் திங்கள் எப்படியும் விடுமுறைதான்.

படி 6: பையில் என்ன

காது காப்பு கட்டாயம். நுரைப்பஞ்சு அடைப்பான் போட்டு, அதன்மேல் காதை முழுவதும் மூடும் காப்பும் மாட்டினால் இன்னும் நல்லது. குழந்தைகளுக்கு அவர்கள் தலை அளவுக்கேற்ற காப்பை முன்பே வாங்கி வீட்டில் மாட்டிப் பழக்குங்கள், இல்லாவிட்டால் அங்கே பிடுங்கி எறிவார்கள். தொப்பி, வெயில் பூச்சு, மெல்லிய மழையங்கி. குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், தவிருங்கள். அலுமினிய பெஞ்சு பகலில் தோசைக்கல்லாகக் காயும், ஒரு மெத்தைத் துண்டு அவசியம்.

இண்டியில் வீட்டு உணவையும் குளிர்பெட்டியையும் உள்ளே கொண்டுபோகலாம். பெட்டிக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு, கண்ணாடிப் பாட்டில் கூடாது. மற்ற ஓவல்களில் விதி வேறு, போகுமுன் அந்தத் தளத்தின் இணையதளத்தில் பாருங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளே கிடைப்பது குறைவு. எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ வெயிலுக்குத் தாங்கும். தயிர்ச்சாதத்தைப் பனிக்கட்டி மேல் வைத்தால் நடுப் பந்தயத்தில் அமிர்தமாக இருக்கும்.

படி 7: போய்ச் சேருவது

சிறு ஓவல்களுக்குப் பந்தயத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு போனால் போதும். சிகாகோவிலிருந்து மில்வாக்கிக்கு ஆம்ட்ராக் ரயில் சுமார் ஒன்றரை மணி நேரம், பிறகு வாடகைக் கார்.

இண்டியில் காலை 6 மணிக்குப் பீரங்கி வெடித்து வாசல் திறக்கும். பந்தயம் நண்பகலுக்குப் பிறகுதான். இருந்தாலும் எட்டு மணிக்குள் உள்ளே இருங்கள், அதற்குப்பின் சாலைகள் இறுகிவிடும். நிறுத்துமிடத்தை முன்கூட்டியே வாங்குங்கள். இல்லாவிட்டால் தளம் இருக்கும் ஸ்பீட்வே என்ற சிற்றூரின் குடும்பங்கள் தங்கள் வீட்டு முன்புல்வெளியில் காசு வாங்கிக்கொண்டு காரை நிறுத்த விடுவார்கள். எனக்கு அது பிடிக்கும். காலையில் அங்கே காபியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஐம்பது ஆண்டுப் பந்தயங்களைச் சொல்வார்கள்.

படி 8: பச்சைக் கொடிக்குப் பிறகு எதைப் பார்ப்பது

முதல் பத்து சுற்று எதையும் புரிந்துகொள்ள முயலாதீர்கள். கண் அந்த வேகத்துக்குப் பழகட்டும். பிறகு ஒரே ஒரு காரைத் தேர்ந்தெடுத்து முப்பது சுற்று தொடருங்கள், முதலிடத்தில் இருப்பவரை அல்ல, பத்தாவது பதினைந்தாவது இடத்தில் இருப்பவரை. அவர் முன்னேறுவதையோ பின்னேறுவதையோ வைத்துப் பந்தயம் புரியத் தொடங்கும்.

அணிகளின் வானொலிப் பேச்சைக் கேட்க உதவும் ஸ்கேனர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், அல்லது தொடரின் செயலியில் ஓட்டுநரின் வானொலியைக் கேளுங்கள். ஒவ்வொரு காருக்கும் ஸ்பாட்டர் உண்டு. இண்டி போன்ற பெரிய தளத்தில் இருவர். உயரத்தில் நின்றுகொண்டு, ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லிக்கொண்டே இருப்பார். உள்ளே ஒருவர், இன்னும் உள்ளே, பாதிக் கார், விலகிவிட்டார். நீங்கள் மேலிருந்து பார்ப்பதும் அவர் சொல்வதும் ஒத்துப்போகும் கணத்தில் உடல் சிலிர்க்கும். உயரமான இருக்கையின் பயன் இதில் இரு மடங்காகும்.

விபத்து போன்றவற்றால் கார்களை மெதுவாகப் போகச் சொல்லும் மஞ்சள் கொடி விழுந்ததும் கூட்டம் முழுவதும் கழிப்பறைக்குக் கிளம்பும். நீங்கள் கிளம்பாதீர்கள். பிட் நிறுத்தங்களும் மறுதொடக்கமும் அப்போதுதான் நடக்கும், ஓவலில் மறுதொடக்கத்தைவிடச் சிறந்த காட்சி இல்லை. பச்சையில் எல்லோரும் ஒரு முறை எரிபொருள் நிரப்பி முடித்து, வரிசை நீண்டு ஓடும் அமைதியான சுற்றுகளில் எழுந்து போய்வாருங்கள். இண்டியில் ஒரு முறை நிரப்பினால் முப்பது சுற்றுக்கு மேல் ஓடும் என்பதால் கணக்கிடுவது எளிது. கடைசி ஐம்பது சுற்று முழுவதும் இருக்கையிலேயே இருங்கள்.

படி 9: முடிந்த பிறகு

பந்தயம் முடிந்ததைச் சொல்லும் செக்கர்டு கொடி விழுந்த உடனே ஓடாதீர்கள், ஓடினாலும் நிறுத்துமிடத்தில்தான் நிற்பீர்கள். இண்டியில் வென்றவர் பால் குடிப்பதைப் பாருங்கள். 1936-ல் லூயிஸ் மேயர் மோர் குடித்ததிலிருந்து வந்த வழக்கம் அது. மிச்சமிருக்கும் சாதத்தை நிதானமாகச் சாப்பிடுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளம்பினால் சாலை ஓரளவு இளகியிருக்கும்.

உட்கார்ந்திருக்கும்போதே கைபேசியில் நான்கு விவரங்களைக் குறித்து வையுங்கள்: உங்கள் ஸ்டாண்டும் வரிசையும், எந்தத் தூண் எந்த வளைவை மறைத்தது, எத்தனை மணிக்கு நிழல் வந்தது, உங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனை வரிசை இருந்தது. அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் சில நாட்களிலேயே வந்துவிடும். எந்த வரிசை வேண்டும் என்று கேட்கும் இடத்தில் எழுத அது உதவும்.